அலமாரிக்குள் மழைக்காலம்

புளியங்குடியை ‘எலுமிச்சை நகரம்’ என்பார்கள். மதுரையிலிருந்து தென்காசி செல்லும் சாலையில், மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் அமைந்த ஊர் அது. அங்குள்ள எலுமிச்சைச் சந்தையிலிருந்து கேரளத்துக்கும் பிற இடங்களுக்கும் காய்கள் செல்கின்றன. பூசணத்தைப் பற்றி அந்தச் சந்தையில் யாருக்கும் பாடம் சொல்ல வேண்டியதில்லை. மூட்டைக்குள் ஒரு காயின் தோல் அடிபட்டிருந்தால் போதும். அந்த இடம் முதலில் நீர் கோத்தாற்போல் மெத்தென்று ஆகிறது. பிறகு வெண்மையாக ஏதோ படர்கிறது. கடைசியில் பச்சைப் பொடி பூத்துவிடுகிறது. பெனிசிலியம் டிஜிட்டேட்டம் என்ற பூஞ்சையின் வேலை இது. அந்தக் காயை எடுத்து எறியாவிட்டால் பக்கத்துக் காய்களுக்கும் ஆபத்து.

அதே ஊரில், ஐப்பசி, கார்த்திகை அடைமழை நாள்களில் ஒரு வீட்டு அலமாரியைத் திறந்து பாருங்கள். மூக்கில் ஏறுவது மக்கல் வாடை. பட்டுச் சேலையின் மடிப்பில் சாம்பல் நிறப் புள்ளிகள். தோல் செருப்பின்மேல் வெண்பொடி. அடித்தட்டில் வைத்திருந்த பள்ளிச் சான்றிதழ்களும் நிலப்பத்திரமும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருக்கின்றன. எலுமிச்சையில் பச்சைப் பொடி பூத்த அந்தப் பூஞ்சையின் நெருங்கிய உறவினர்கள்தாம் இங்கும் குடியேறியிருக்கிறார்கள்.

எலுமிச்சைக்குள் சாறு இருக்கிறது. பூஞ்சை வளர்வதில் வியப்பில்லை. ஆனால் அலமாரிக்குள் யாரும் தண்ணீர் ஊற்றவில்லை. கூரை ஒழுகவில்லை. கதவும் சாத்தியே இருந்தது. பிறகு உள்ளே ஈரம் எப்படி வந்தது?

பூஞ்சை எங்கிருந்து வருகிறது?

பூஞ்சை வரவேண்டிய அவசியமே இல்லை. அது ஏற்கனவே அங்கே இருக்கிறது. பூஞ்சைகள் ஸ்போர்கள் எனப்படும் நுண்ணிய வித்துகளால் பரவுகின்றன. ஒரு மில்லிமீட்டரை ஆயிரம் கூறாக்கினால், அதில் சில கூறுகளின் அளவே ஒரு ஸ்போர் இருக்கும். காற்றில் மிதந்து வந்து துணி, தாள், சுவர் எல்லாவற்றின்மேலும் அவை படிகின்றன. துடைத்தாலும் மீண்டும் வந்து படியும். உலர்ந்த நிலையில் மாதக்கணக்கில் உறங்கிக் கிடக்கும் இந்த ஸ்போர், போதிய ஈரம் கிடைத்ததும் விழித்துக்கொண்டு மெல்லிய இழைகளை நீட்டும். இழைகள் கிளைத்துப் பின்னிப் படர்வதைத்தான் நாம் பூசணம் பிடித்துவிட்டது என்கிறோம்.

ராபர்ட் ஹூக் என்ற ஆங்கிலேய அறிஞர் 1665-ல் வெளியிட்ட ‘மைக்ரோகிராபியா’ என்ற நூலில் இந்தப் பூசணத்தின் படம் உள்ளது. நுண்ணோக்கியின் வழியே பார்த்து வரையப்பட்ட முதல் பூசணப் படங்களில் அதுவும் ஒன்று. அவருக்கு அந்தப் பூசணம் கிடைத்தது ஒரு சிறிய புத்தகத்தின் சிவப்புத் தோலட்டையிலிருந்து! அலமாரியில் வைத்த புத்தகம் பூத்துப்போவது, அறிவியலுக்கு அவ்வளவு பழைய செய்தி.

துணியிலும் தாளிலும் பூஞ்சைக்கு என்ன உணவு கிடைக்கிறது? பருத்தியும் தாளும் பெரும்பாலும் செல்லுலோஸ் என்ற பொருளால் ஆனவை. சர்க்கரை மூலக்கூறுகள் சங்கிலிபோல் கோத்து உண்டானது அது. நம்மால் செல்லுலோசைச் செரிக்க இயலாது. பல பூஞ்சைகள் நொதிகளைச் சுரந்து அந்தச் சங்கிலியை அறுத்துச் சர்க்கரையாக்கி உறிஞ்சிக்கொள்கின்றன. இரண்டாம் உலகப்போரின்போது பசிபிக் பெருங்கடலிலுள்ள சாலமன் தீவுகளில் முகாமிட்டிருந்த அமெரிக்கப் படையினரின் பருத்திக் கூடாரங்களும் உடைகளும் வெகுவிரைவில் நைந்துபோயின. காரணத்தைத் தேடியபோது அகப்பட்ட பூஞ்சைகளில் ஒன்றுக்குப் பின்னாளில் டிரைக்கோடெர்மா ரீசி என்று பெயரிட்டனர். துணியைத் தின்ற அந்தப் பூஞ்சையின் நொதியைத்தான் இன்று ஜீன்ஸ் துணியை மிருதுவாக்கவும் வெளுக்கவும் ஆலைகளில் பயன்படுத்துகிறார்கள்.

கஞ்சி போட்ட வேட்டியும் சேலையும் பூஞ்சைக்கு இன்னும் எளிதான விருந்து. கஞ்சியிலுள்ள மாவுச்சத்து செல்லுலோசைவிட விரைவில் செரிக்கக்கூடியது. ஒருமுறை உடுத்திவிட்டுத் துவைக்காமல் மடித்து வைத்த துணியில் வியர்வையும் தோலின் எண்ணெய்ப் பசையும் உணவாகின்றன.

ஆகவே அலமாரியில் வித்தும் உண்டு, உணவும் உண்டு. இரண்டையும் நம்மால் முற்றிலும் அகற்ற முடியாது. மூன்றாவது தேவையான ஈரம் ஒன்றுதான் நம் கைக்கு அடங்குவது.

காற்றில் ஒளிந்திருக்கும் நீர்

காற்றில் எப்போதும் நீராவி இருக்கிறது. எவ்வளவு நீராவி தங்கலாம் என்பதை வெப்பநிலை முடிவு செய்கிறது. ஒரு கனமீட்டர் காற்று 32 டிகிரி செல்சியஸில் ஏறத்தாழ 34 கிராம் நீராவியைக் கொள்ளும். 24 டிகிரியில் ஏறத்தாழ 22 கிராம்தான் கொள்ளும். கொள்ளக்கூடிய அளவில் இப்போது எத்தனை சதவீதம் நிரம்பியிருக்கிறது என்பதையே ஒப்பு ஈரப்பதம் என்கிறோம்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். நண்பகலில் வெப்பநிலை 32 டிகிரி. ஒரு கனமீட்டர் காற்றில் 20 கிராம் நீராவி இருக்கிறது. ஒப்பு ஈரப்பதம் 60 சதவீதம், அச்சமில்லை. இரவில் மழை பெய்து வெப்பநிலை 24 டிகிரிக்கு இறங்குகிறது. நீராவியின் அளவு அதே 20 கிராம். ஆனால் இப்போது ஒப்பு ஈரப்பதம் 90 சதவீதத்தைத் தாண்டிவிட்டது! ஒரு சொட்டு நீர்கூடப் புதிதாக வராமலேயே அலமாரி ‘ஈரமாகி’விட்டது. சுவரின் பரப்பு இன்னும் இரண்டு டிகிரி குளிர்ந்திருந்தால் அங்கே காற்று பனிநிலையை நெருங்கிவிடும். குளிர்ந்த நீர் ஊற்றிய டம்ளரின் வெளிப்புறம் வியர்ப்பதுபோல் சுவரும் வியர்க்கும்.

துணிகளில் பூசணம் பிடிக்க நீர் சொட்ட வேண்டியதில்லை. ஒப்பு ஈரப்பதம் 75 முதல் 80 சதவீதத்துக்கு மேல் பல நாள்கள் தொடர்ந்தாலே பெரும்பாலான வீட்டுப் பூசணங்கள் வளரத் தொடங்கும். சில வகைகள் அதற்குச் சற்றுக் குறைந்த ஈரத்திலும் மெல்ல வளரும்.

நம் கணக்கில் முக்கியமான இன்னொரு பகுதி இருக்கிறது. ஒரு மீட்டர் அகலம், அரை மீட்டர் ஆழம், இரண்டு மீட்டர் உயரமுள்ள அலமாரியின் கொள்ளளவு ஒரு கனமீட்டர். அதன் காற்றில் உள்ள நீர் 20 கிராம், ஒன்றிரண்டு கரண்டிதான். அதே அலமாரியில் 20 கிலோ பருத்தித் துணி இருப்பதாகக் கொள்வோம். கைக்கு நன்றாக உலர்ந்ததாகத் தோன்றும் பருத்தியும் தன் எடையில் சுமார் 8 சதவீதம் நீரைப் பிடித்து வைத்திருக்கும். அதாவது 20 கிலோ துணியில் ஒன்றரை லிட்டருக்கு மேல்! மழைக்காலத்தில் இந்த அளவு இன்னும் கூடும். அலமாரியின் உண்மையான நீர்த்தொட்டி காற்றன்று, துணி அடுக்குதான். அரைகுறையாகக் காய்ந்த இரண்டு போர்வைகளை உள்ளே வைத்துச் சாத்தினால், அவை விடும் ஈரமே மற்ற துணிகளுக்கெல்லாம் போதும்.

சுவர் வழியே வரும் ஓதம்

சில வீடுகளில் ஈரம் சுவரிலிருந்தும் வருகிறது. செங்கல் என்பது நுண்ணிய துளைகள் நிறைந்த பொருள். ஏறத்தாழ மூன்று கிலோ எடையுள்ள சாதாரணச் செங்கல் அரை லிட்டர் அளவுக்கு நீரைக் குடிக்கும். விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவதுபோல் அத்துளைகளின் வழியே நிலத்து ஈரம் மேலே ஏறுகிறது. இதை நுண்புழை ஏற்றம் என்கிறோம். இப்படி வரும் ஓதம் பெரும்பாலும் தரையிலிருந்து மூன்றடி உயரத்துக்குள் நின்றுவிடும். ஏறிய நீர் ஆவியாகும்போது அதில் கரைந்திருந்த உப்புகள் சுவரில் வெள்ளையாகப் பூக்கின்றன; பூச்சு பொரிந்து உதிர்கிறது.

சுவருக்குள் குடைந்த அலமாரிக்கு வேறொரு பலவீனமும் உண்டு. ஒன்பது அங்குலச் சுவரில் அலமாரிக்கு இடம் விட்டால், பின்புறம் மிஞ்சுவது பல வீடுகளில் நாலரை அங்குலமே. அது வெளிச்சுவராக இருந்து மழைச்சாரல் நேரே அடித்தால், வெளிப்பூச்சின் விரிசல்கள் வழியாக ஈரம் எளிதில் உள்ளே வரும். ஈரச்சுவர் உலரும்போது குளிர்வதால், உட்புறத்தில் காற்றும் வியர்க்கும்.

ஈரம் சுவரிலிருந்து வருகிறதா, காற்றிலிருந்து வருகிறதா என்று அறிய எளிய சோதனை உண்டு. ஓரடிச் சதுரமான பிளாஸ்டிக் தாளை அலமாரியின் பின்சுவரில் வைத்து, நான்கு ஓரங்களையும் ஒட்டுநாடாவால் இடைவெளியின்றி ஒட்டுங்கள். இரண்டு நாள் கழித்துப் பாருங்கள். சுவரைப் பார்த்த பக்கத்தில் நீர்த்துளிகள் இருந்தால், குற்றவாளி சுவர். நம்மைப் பார்த்த பக்கம் நனைந்திருந்தால், குற்றவாளி காற்று.

இந்தச் சோதனை செய்யாமல் மருத்துவம் பார்ப்பதால் பணம் வீணாகிறது. சுவரில் ஓதம் இருக்கும்போது உட்புறம் எண்ணெய் வண்ணம் பூசினால், ஓதம் போவதில்லை. அடுத்த மழையில் வண்ணம் கொப்புளமாக எழும்பி உரியும். வெளிப்பூச்சின் விரிசலை அடைப்பதும், மழைநீர்க் குழாயின் ஒழுக்கை நிறுத்துவதும், சுவரோரம் நீர் தேங்காமல் செய்வதுமே அதற்கு மருந்து.

செய்து பாருங்கள்: உப்புச் சோதனை

ஒப்பு ஈரப்பதத்தை அளக்க ஈரப்பதமானி என்ற கருவி உண்டு. அது இல்லாதவர்களுக்குச் சமையலறையிலேயே ஒரு கருவி இருக்கிறது. அதுதான் உப்பு.

சோடியம் குளோரைடு ஒரு குறிப்பிட்ட எல்லைவரை உலர்ந்தே இருக்கும். ஒப்பு ஈரப்பதம் ஏறத்தாழ 75 சதவீதத்தைக் கடந்ததும் காற்றிலுள்ள நீராவியை ஈர்த்துத் தானே கரையத் தொடங்கும். பூஞ்சைக்குச் சாதகமான ஈரமும் ஏறத்தாழ அதே எல்லையில்தான் தொடங்குகிறது! உப்புக்கு வியர்க்கும் இடத்தில் பூசணத்துக்கும் வாழ்வு உண்டு என்று நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

தூள் உப்பைக் கொஞ்சம் எடுத்து வெறும் வாணலியில் சூடாக்கி ஆறவிடுங்கள். இரண்டு புட்டி மூடிகளில் மெல்லிய படலமாகப் பரப்புங்கள். ஒன்றை அலமாரியின் அடித்தட்டில் பின்சுவரை ஒட்டியும், மற்றதை அறையின் நடுவிலும் வையுங்கள். ஒரு நாள் கழித்துப் பாருங்கள். அறையில் வைத்தது உலர்ந்திருக்க, அலமாரியில் வைத்தது கசிந்திருந்தால் அலமாரியைத் திறந்து காற்றோட வைக்க வேண்டும். இரண்டுமே கசிந்திருந்தால் திறப்பதால் பயனில்லை. அறைக்காற்றே ஈரமாக இருக்கிறது. கல்லுப்பை இதற்குப் பயன்படுத்த வேண்டாம். அதில் கலந்துள்ள மக்னீசியம் குளோரைடு மிகக் குறைந்த ஈரத்திலேயே நீரை இழுத்துக்கொள்ளும்.

எப்போது திறப்பது, எப்போது மூடுவது?

‘அலமாரியைத் திறந்து வை, காற்றுப் படட்டும்’ என்று பெரியவர்கள் சொல்வார்கள். நல்ல அறிவுரைதான், ஆனால் எந்தக் காற்று என்று கேட்க வேண்டும். மழை பெய்யும் இரவில் திறந்து வைத்தால், 90 சதவீத ஈரமுள்ள காற்றைத் துணிகளுக்குக் குடிக்கக் கொடுத்தவர்களாவோம். மழை விட்டு வெயில் காயும் நாளில், முற்பகல் 11 மணியிலிருந்து பிற்பகல் 3 மணிவரை திறந்து, துணிகளைத் தளர்த்தி, மின்விசிறியைச் சுழலவிட வேண்டும். மாலைக் குளிர்ச்சிக்கு முன் மூடிவிட வேண்டும்.

துணிகளை நன்கு உலர்த்தியபிறகே உள்ளே வைக்க வேண்டும். இஸ்திரி போட்ட சூட்டோடு அடுக்காமல், அதன் ஆவி அடங்கும்வரை ஆறவிடுவது நல்லது. வாளி நிறைய ஈரத்துணியைப் படுக்கையறைக் கொடியில் காயப்போட்டால், அதிலிருந்து வெளியேறும் ஓரிரு லிட்டர் நீரும் அறைக்காற்றுக்குத்தான் போகிறது. மழைநாளில் வேறு வழியில்லையென்றால், சன்னலைத் திறந்து விசிறியைப் போட்டு, அலமாரியை மூடி வைக்க வேண்டும்.

இரும்பு பீரோவைச் சுவரோடு ஒட்டி வைக்கக் கூடாது. ஒரு சாண் இல்லாவிட்டாலும் நான்கு விரற்கடையாவது இடைவெளி வேண்டும். அடியில் மரக்கட்டைகள் கொடுத்துத் தரையிலிருந்து உயர்த்துவது நல்லது. குளியலறைச் சுவரும், மழைச்சாரல் அடிக்கும் வெளிச்சுவரும் பீரோவுக்கு ஏற்ற இடங்கள் அல்ல. உள்ளே துணிகளைத் திணிக்காமல், பின்புறம் காற்று செல்ல இடம் விட வேண்டும். மழைக்காலத்தில் வேட்டி சேலைகளைக் கஞ்சியில்லாமல் வைத்துவிட்டு, உடுத்தும்போது கஞ்சி போட்டுக்கொள்ளலாம்.

ஈரம் உறிஞ்சும் பொருள்கள்

சிலிக்கா ஜெல் நல்ல உறிஞ்சி. ஈரமிக்க காற்றில் தன் எடையில் மூன்றிலொரு பங்கு நீரைப் பிடிக்கும். சூடாக்கி உலர்த்தினால் மீண்டும் உதவும். ஆனால் முன்பு போட்ட கணக்கை மறக்கக் கூடாது. மருந்துப் புட்டியில் வரும் சிறு பொட்டலம் ஓரிரு கிராம் இருக்கும். ஒன்றரை லிட்டர் நீர் தங்கிய துணி அடுக்குக்கு அது என்ன செய்யும்? இறுக்கமாக மூடும் சிறு டப்பாவில்தான் அதன் திறமை தெரியும்.

கடைகளில் கிடைக்கும் ஈரம் உறிஞ்சும் பெட்டிகளில் பெரும்பாலும் கால்சியம் குளோரைடு இருக்கிறது. அது நீரை ஈர்த்துக் கரைசலாக மாறிப் பெட்டியில் தேங்கும். கவிழ்ந்து துணியில் சிந்தினால் கறையாகும். நிமிர்த்தி வைக்க வேண்டும். நீறாத சுண்ணாம்பும் ஈரத்தை உறிஞ்சும். ஆனால் நீர் பட்டால் அது கொதிக்கும். கண்ணில் தெறித்தால் பார்வைக்கே கேடு. குழந்தைகள் உள்ள வீட்டில் அது வேண்டாம். அடுப்புக்கரி வாடையை ஓரளவு ஈர்க்கும். ஈரத்தைப் போக்கும் என்று நம்ப வேண்டாம்.

பாச்சை உருண்டை பூசணத்துக்கு மருந்தா?

அல்ல. நாப்தலீன் என்ற பொருளால் ஆன பாச்சை உருண்டை, துணி தின்னும் பூச்சிகளுக்கானது. அது ஈரத்தைக் குறைப்பதில்லை. அலமாரியின் பூசணத்தையும் நிறுத்துவதில்லை. அதன் காட்டமான மணம் மக்கல் வாடையை மறைக்கிறது, அவ்வளவே. அந்த வாடை வீணானதன்று. வளரும் பூஞ்சை வெளியிடும் ஆவிகளே அந்த வாடை. உள்ளே பூசணம் வளர்கிறது என்று நமக்கு வரும் முன்னறிவிப்பு. அதை மறைப்பது எச்சரிக்கை மணியின் நாவைக் கட்டுவதுபோல.

இதில் உயிருக்கே ஆபத்தான செய்தி ஒன்றும் உண்டு. சில குழந்தைகளுக்குப் பிறவியிலேயே ஜி-6-பி-டி என்ற நொதி குறைவாக இருக்கும். அவர்கள் நாப்தலீன் ஆவியைச் சுவாசித்தாலோ, உருண்டையை வாயில் போட்டாலோ இரத்தச் சிவப்பணுக்கள் சிதைந்து, கடுமையான சோகையும் மஞ்சள் காமாலையும் வரக்கூடும். பாச்சை உருண்டையோடு நெடுநாள் பெட்டியில் இருந்த பழைய சேலையில் பச்சிளங்குழந்தையைச் சுற்றும் வழக்கம் நம் வீடுகளில் உண்டு. அத்துணியைத் துவைத்து, வெயிலில் நன்கு உலர்த்தாமல் பயன்படுத்தவே கூடாது. குழந்தை உள்ள வீட்டில் உருண்டையைத் தவிர்ப்பதே நல்லது.

வேப்பிலையும் வசம்பும் பூச்சிகளை விரட்டவே வைக்கப்படுகின்றன. வேப்பிலையைப் பச்சையாக வைத்தால் அதன் ஈரமும் அலமாரிக்குள் சேரும். நிழலில் காயவைத்தே வைக்க வேண்டும்.

பூசணம் பிடித்துவிட்டால்

பூசணம் துணிக்கும் தாளுக்கும் மட்டும் கேடன்று. ஈரமும் பூசணமும் உள்ள வீடுகளில் வசிப்போருக்கு ஆஸ்துமா, இருமல் முதலிய மூச்சுத் தொல்லைகள் அதிகம் என்று உலக சுகாதார நிறுவனம் 2009-ல் வெளியிட்ட வழிகாட்டி நூல் கூறுகிறது. ஆகவே பூத்த துணியை வீட்டுக்குள் உதறக் கூடாது. முகக்கவசம் அணிந்து, வெளியே கொண்டுபோய்த் தட்டி, வெந்நீர் தாங்கும் துணியானால் சோப்பிட்டு வெந்நீரில் துவைத்து வெயிலில் காயவிட வேண்டும். பட்டை நிழலில் காற்றாட உலர்த்தி, மென்மையான தூரிகையால் துடைக்கலாம்.

சான்றிதழும் பத்திரமும் பூத்திருந்தால், ஈரமாக இருக்கும்போது தேய்க்கக் கூடாது. பூசணம் தாளுக்குள் இறங்கும், மையும் கலையும். நிழலில், விசிறிக் காற்று நேராகப் படாத இடத்தில் பிரித்து உலர்த்த வேண்டும். நன்கு காய்ந்தபின் வீட்டுக்கு வெளியே மென்தூரிகையால் தட்டிவிடலாம். ஒட்டிக்கொண்ட தாள்களை இழுத்துப் பிரிக்க வேண்டாம். உலர்ந்த தாள்களை, இறுக்கமாக மூடும் டப்பாவில் சிலிக்கா ஜெல்லுடன் மேல்தட்டில் வைப்பது நல்லது. ஈரத்தோடு பிளாஸ்டிக் உறையில் போட்டு மூடினால், பூஞ்சைக்கு நாமே வீடு கட்டிக் கொடுத்ததாகும்.

அலமாரியின் பலகையையும் சுவரையும் சோப்பு நீரால் துடைத்து முற்றிலும் உலர விட வேண்டும். பிளீச்சிங் நீரைப் பயன்படுத்தினால், அதோடு கழிப்பறை கழுவும் அமிலத்தையோ வினிகரையோ கலக்கவே கூடாது. குளோரின் என்ற நச்சு வாயு வெளிப்படும். எப்படித் துடைத்தாலும், ஈரத்தின் காரணம் தீராவிட்டால் பூசணம் திரும்பி வரும்.

ஆண்டில் இரு நாள்

நம் வீடுகளில் சரசுவதி பூசைக்குப் புத்தகங்களை எடுத்துத் தூசி தட்டி அடுக்குகிறோம். போகிக்கு வீட்டை ஒழித்துச் சுத்தம் செய்கிறோம். முதலாவது, வடகிழக்குப் பருவமழை தொடங்குவதற்குச் சற்று முன். இரண்டாவது, மழை ஓய்ந்து தை வெயில் தொடங்கும் வேளை. அலமாரியை முழுவதும் காலி செய்து, துணிகளையும் தாள்களையும் உலர்த்தி வைக்க இவற்றைவிடப் பொருத்தமான இரு நாள்கள் கிடைப்பது அரிது. முதல் நாளில் உலர வைத்தது மழையைத் தாங்கும். இரண்டாம் நாளில் மழை விட்டுச்சென்ற ஈரம் வெளியேறும்.

எலுமிச்சைச் சந்தையில் மூட்டையைப் பிரித்துப் பார்த்து, கெட்ட காயை அன்றே ஒதுக்கிவிடுகிறார்கள். வீட்டு அலமாரிக்கும் அந்தக் கவனம் வேண்டும். இடைப்பட்ட நாள்களில் அடித்தட்டில் ஒரு மூடி உப்பு இருக்கட்டும். அது கசியத் தொடங்கும் அன்றே நாமும் விழித்துக்கொண்டால், பூஞ்சையின் ஸ்போர் தன் உறக்கத்தைத் தொடரும்.